காலியான நம்பர்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரிக்கிறது அப்புறம், முதல்ல என் புகாரைக் கேளுங்க. போன்லயே சொல்லியிருப்பேன். ஆனா இந்த வீட்ல ஒரு அறையில பேசினா எல்லா அறையிலயும் கேக்கும். அதான் எழுதுறேன்.

மாடிப்படிக்கு அடியில நீங்களும் உங்க அண்ணனும் ஒரு கறுப்புப் பெட்டி வெச்சீங்களே, வீட்டுப் போட்டோ, பத்திரம், பாட்டு எல்லாம் போட்டு வைக்கிற சர்வர், அதுலதான் கோளாறு. இவருக்கு அதுல ஒரு அக்கவுண்ட் திறந்து குடுக்கலாம்னு உட்கார்ந்தேன். இவரைக் கட்டிக்கிட்டு ஆறு மாசமாச்சு, இன்னும் வைஃபை மட்டும்தான் குடுத்திருக்கேன், விருந்தாளிக்குக் குடுக்குற மாதிரி. உள்ள போனா, உங்க அண்ணன் போய்ச் சேர்ந்தப்புறமும் அவர் பேர்தான் முதல்ல நின்னுது. பக்கத்துல சிவப்புல, 'நீண்ட நாளாகப் பயன்பாட்டில் இல்லை, நீக்கவா?' மனசைக் கல்லாக்கிக்கிட்டு நீக்கிட்டேன். அப்புறம் இவர் பேரைச் சேர்த்தேன்.

இப்ப என்னடான்னா, உங்க அண்ணன் வெச்சுட்டுப் போன எல்லாத்துக்கும் ஓனர்னு இவர் பேர் வருது! நானும் உங்க அண்ணனும் கல்யாணத்தன்னிக்கு நின்ன போட்டோவுக்கு ஓனர், மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். முதல்ல சிரிப்புதான் வந்துது. அப்புறம் வரலை. சீக்கிரம் சரி பண்ணிக் குடுங்க.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 6

அன்புள்ள அண்ணி,

நல்ல காரியம் பண்ணீங்க போங்க! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? பயப்படாதீங்க, பேயும் இல்லை பிசாசும் இல்லை.

அந்தப் பெட்டிக்குப் பேரெல்லாம் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது நம்பர்தான், ஆளுக்கு ஒண்ணு. ஒவ்வொரு பைல் மேலயும் இந்த நம்பர்காரர் திறக்கலாம், மத்தவங்க தொடக்கூடாதுன்னு எழுதியிருக்கும். நீங்க அண்ணன் பேரை எடுத்தீங்க, நம்பர் காலியாச்சு. அடுத்து வந்தவருக்கு அதே நம்பரைத் தூக்கிக் குடுத்துடுச்சு. குடியிருந்தவர் காலி பண்ணதும் பூட்டை மாத்தாம அடுத்தவர் கையில சாவியைக் குடுத்த கதைதான். சாமான் எல்லாம் உள்ளயே இருக்கு.

ஒண்ணுதான் உறுத்துது. உடம்பு முடியாம கிடந்தப்ப அண்ணன் தினமும் ஏதாவது பேசிப் பதிஞ்சு, 'தனி'ன்னு ஒரு போல்டர்ல போட்டு வந்தாரே, அதுக்கு அவர் ஒருத்தருக்கு மட்டும்தான் பெர்மிஷன். அட்மின்ங்கிற முறையில நான் திறக்கலாம். ஆனா திறக்க மாட்டேன்னு அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். இப்ப அது இவருக்குத் திறந்து கிடக்கு. கேட்டாரான்னு நைசா விசாரிங்க. இங்கிருந்தே ஓனரை உங்க பேருக்கு மாத்திடுறேன்.

உங்கள் தம்பி
(அண்ணன் வாயில குள்ளன்)

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

விசாரிக்கலை. விசாரிக்கத் தேவையில்லாமப் போச்சு.

இவரைப் பத்தி உங்களுக்கே தெரியும். வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு இருக்கிற மனுஷன். செருப்பைக்கூட ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா விடுவார். உங்க அண்ணன் எதுவோ, இவர் அது இல்லை. அதுக்காகத்தான் தம்பி நான் இவரைக் கட்டிக்கிட்டேன். பழசையே நினைச்சுச் சாகாம, புதுசா ஒரு மனுஷனோட மிச்ச நாளை ஓட்டணும்னு.

போன வாரம் பல் தேய்க்கும்போது ஒரு பாட்டை முனகினார். எந்தப் பாட்டுன்னு உங்களுக்குச் சொல்லணுமா? வாட்சைக் கழட்டி ஸ்பூன் டிராயர்ல போட்டார். செருப்பு ஒண்ணு வாசல்ல, ஒண்ணு ஹால்ல. நேத்து டீயை நீட்டினேன். "உத்தரவு மகாராணி"ன்னார். டம்ளர் கை நழுவி டீ முழுக்கக் கால்ல கொட்டிடுச்சு. இவர் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

மத்தியானம் கடையைச் சாத்திட்டு வந்து, இயர்போனை மாட்டிக்கிட்டுப் படிக்கட்டுல உட்கார்றார். பெட்டியோட நீல விளக்கு முகத்துல அடிக்குது. உதடு அசையுது, மனப்பாடம் பண்ற மாதிரி.

எனக்கு என் புருஷன் வேணும் தம்பி. உயிரோட இருக்கிறவர். சீக்கிரம் மாத்துங்க.

அண்ணி

மார்ச் 24

அண்ணி,

வேலையில தள்ளிப் போச்சு, உங்க லெட்டர் வந்ததும்தான் 'தனி'யை உங்க பேருக்கு மாத்தினேன். மறுநாள் பாத்தா மறுபடி அவர் பேர். திரும்ப மாத்தினேன், திரும்ப அதே. யார் மாத்துறாங்கன்னு பெட்டியே குறிச்சு வெச்சிருக்கும், போய்ப் பாத்தேன். யார்னு உங்களுக்குத் தெரியும். அதைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கலை.

அவர் கடைக்குப் போன் பண்ணேன். மனுஷன் எதையும் மறைக்கலை. "தூக்கத்துல அவரைக் கூப்பிட்டு அழறா. எதைத் தொலைச்சான்னு தெரிஞ்சா தேடிக் குடுக்கலாமேன்னு கேக்க ஆரம்பிச்சேன்"னார். எனக்கே பாவமா இருந்துது. வைக்கப் போகும்போது கேட்டார்: "முட்டியில அந்தத் தழும்பு மழைக்கு இன்னும் அரிக்குதா?"

அது சின்ன வயசுல அண்ணன் என்னைத் தகரக் கூரையிலிருந்து தள்ளிவிட்டப்ப வந்தது. வழுக்கி விழுந்தேன்னு வீட்ல சொல்லிட்டோம். எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒருவேளை பேசிப் பதிஞ்சிருப்பாரோன்னு, குடுத்த வாக்கை மீறி ஒண்ணு விடாம கேட்டேன். வாட்சைத் தேடின கதை இருக்கு. மகாராணி இருக்கு, பாட்டு இருக்கு. தழும்பு இல்லை அண்ணி.

தயவுசெஞ்சு கிளம்பி இங்க வந்துடுங்க. உங்களுக்குன்னு ஒரு அறை ஒழிச்சு வெச்சுட்டேன். நீங்க வரலைன்னா நான் வர்றேன்.

தம்பி

ஏப்ரல் 2

தம்பி,

ஆமா, நான்தான் மாத்தினேன், ரெண்டு தடவையும். நீங்க என் பேருக்கு எழுதின அன்னிக்கே இவர் பழையபடி ஆயிட்டார். செருப்பு நேரா, வாய் மூடி, வீடு கப்சிப்னு. நான் கேட்டது அதைத்தானே? தாங்க முடியலை. சாயங்காலமே போய்த் திருப்பிக் குடுத்துட்டேன்.

நான் காய் நறுக்கும்போது பின்னால வந்து நின்னு பேசுவார். நான் திரும்ப மாட்டேன். திரும்பாத வரைக்கும் அது உங்க அண்ணன்தான். நேத்து மறந்துபோய்த் திரும்பிட்டேன். எனக்கு வித்தியாசம் தெரியலை தம்பி.

பயமா இருக்கு. சந்தோஷமாவும் இருக்கு. இப்படிச் சந்தோஷமா இருக்கேனேன்னுதான் பயமே. பாவம், அந்தக் கண்ணாடிக் கடைக்காரர் எங்க போனார்னு யாராவது கேட்டா நான் என்ன சொல்லுவேன்?

அட்மின் உரிமை கேட்டார். குடுத்துட்டேன். நீங்க வராதீங்க.

அண்ணி

ஏப்ரல் 20

டேய் குள்ளா,

எப்படிடா இருக்கே? அண்ணி நல்லா இருக்கா, கொஞ்சம் சதை போட்டிருக்கா. நான் சொன்னேன்னு சொல்லாதே, அடிப்பா. உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வாக்கை மீறிக் கேட்டுட்டே, போகட்டும். கூரை விஷயத்தை நான்தான் யார்கிட்டயும் சொன்னதில்லையே, அது எப்படிடா அதுல இருக்கும்? மக்கு.

பெட்டியில உன் பேரை நீக்கிட்டேன். கோவிச்சுக்காதே. வீட்ல இல்லாதவனுக்கு எதுக்கு அட்மின்? உன் போட்டோ, நீ எழுதினது, பாடி அனுப்பினது எல்லாம் பத்திரமா இருக்கு. ஓனர்ங்கிற இடத்துல இப்போதைக்கு வெறும் நம்பர் மட்டும் காட்டுது.

மாடி அறைக்கு ஒருத்தர் குடி வர்றார். வந்ததும் அவருக்கு ஒரு அக்கவுண்ட் திறக்கணும்னு அண்ணி சொல்றா. அமைதியான ஆள், இன்னும் சரியாப் பேசலை. பேசிடுவார். உன் உயரம்தான்.

அன்புடன்,
அண்ணன்