தீர்த்தம் ஊற்றிய பாட்டில்

பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள், பொழுது போகவில்லை என்று ஒரு மீன்தொட்டி வாங்கி வந்து கூடத்தில் வைத்துவிட்டாள். மோட்டாரைப் போட்டதும் தண்ணீருக்குள் குமிழி கொப்பளிக்கிற சத்தம். அடுப்படியில் எனக்குக் கை ஓடவில்லை, வெங்காயம் கருகிப்போனது. இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னம்மா, சத்தம் ஜாஸ்தியா இருக்கா?" என்றாள். இல்லை என்று சொல்லிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது, இந்தச் சத்தத்தைப் பற்றிப் பேச வேறு யாரிடம் போவேன்?

ராயபுரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் நமக்கு ஒரே பெஞ்சு. நான் தெற்கத்தி இரும்புக் கடைக்காரர் மகள். நீ வியாசர்பாடிக் குடியிருப்பு, உன் அப்பாவுக்கு பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் வேலை. நீ "கீது" என்றால் டீச்சர் "இருக்கிறது என்று சொல்" என்பார். "சரி மிஸ், இருக்கிறது கீது" என்பாய். வகுப்பே சிரிக்கும், நீ மட்டும் சிரிக்கமாட்டாய். அந்த அழுத்தம்தான் உன்னை டாக்டராக்கியது, வெளிநாட்டுக்கும் அனுப்பியது. பிறக்கும் குழந்தையின் நுரையீரல் எப்படி வளர்கிறது, எப்படி முதல் மூச்சுக்குத் திறக்கிறது என்பதையே வருஷக்கணக்கில் ஆராய்ந்தாய். அங்கேயே இருக்கச் சொன்னார்கள். "அங்க மெஷினு கீது, இங்க கொயந்த கீது" என்று சொல்லிவிட்டு வந்து சேர்ந்தாய். உனக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று நானே சொன்னேன்.

அந்தக் கிறுக்கு எனக்காகத்தான் வந்தது என்று பிறகு பட்டது. புது நூற்றாண்டு பிறந்த கொஞ்ச நாளில், ஏழாம் மாதமே என் மகள் பிறந்துவிட்டாள். உள்ளங்கையில் அடங்குகிற பிள்ளை. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குழி முதுகோடு ஒட்டியது, முனகினாள். நீ என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து வார்டுக்குள் தள்ளிக்கொண்டு போனாய்.

"மெஷின் வைக்கணுமா, உன் தண்ணி பாட்டில் குழாயா? நீயே சொல்லு" என்றேன்.

"தெரியலடி" என்றாய்.

எனக்குக் காதில் ஈயம் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது. "இத்தனை வருஷம் படிச்சிட்டு வந்து தெரியலன்னு சொல்ற, வெக்கமா இல்ல?" என்று கத்தினேன். நர்ஸுகள் திரும்பிப் பார்த்தார்கள். நீ குரலை உயர்த்தவில்லை.

"பொய் சொல்லவா? மெஷினு வெச்சா அதுவே மூச்சு வுடும். ஆனா இவ நொரையீரலு இன்னும் கட்டி முடிக்காத வூடு, ஓங்கி அடிச்சா செவுரு வுட்டுப்பூடும். பாட்டில்ல வெச்சா காத்து மெதுவா முட்டு குடுக்கும், மூச்ச இவளேதான் வுடணும். களச்சிட்டான்னா மெஷினுக்குத்தான் போவணும். எது நல்லதுன்னு முழுசா தெரிஞ்சா நான் இன்னாத்துக்குடி ஆராய்ச்சி பண்ணிகினு கீறேன்? எனக்கு பாட்டில்னு தோணுது. தோணுறது வேற, தெரியறது வேற."

பாட்டில் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

மூக்கில் மெல்லிய குழாய், அதன் மறுமுனை பாட்டில் தண்ணீருக்குள். குழாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, காற்று அந்த அளவுக்கு நெஞ்சுக்குள் முட்டுக் கொடுக்கும். தண்ணீரில் குமிழி வந்துகொண்டே இருக்க வேண்டும். "இந்த சத்தம் நின்னா என்ன கூப்டு" என்றாய். அன்று காலையிலிருந்து நான் வேறெதையும் கேட்கவில்லை. யாராவது செருப்பைத் தேய்த்து நடந்தால்கூட அடிக்கலாம் போல இருந்தது.

மத்தியானம் பால் பீய்ச்சிக் கொடுக்கப் பக்கத்து அறைக்குப் போனேன். இவர் மாதா கோயிலிலிருந்து ஒரு பாட்டில் தீர்த்தத்தோடு வந்திருக்கிறார். இவரைத்தான் உனக்குத் தெரியுமே. வீட்டில் காய்ச்சல் என்றால் நெற்றியில் தீர்த்தம், சாத்தாங்காட்டு இரும்புக் கடையைத் திறந்தால் தராசில் தீர்த்தம். பிள்ளையோ கண்ணாடிப் பெட்டிக்குள், தொட விடமாட்டார்கள். பாட்டில் தண்ணீர் குறைந்த மாதிரி தெரிந்ததாம். கொண்டுவந்தது முழுவதையும் அதற்குள் ஊற்றிவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது சத்தம் மாறியிருந்தது. குமிழி கனத்து, முக்கி முக்கி வந்தது. பிள்ளையைப் பார்த்தேன். உதடு நீலம், நெஞ்சில் ஒரு பக்கம் மட்டும் புடைத்திருந்தது. நான் அலறிய அலறலில் நீ ஓடி வந்தாய்.

நீ வாயைத் திறப்பதற்குள் இவர் தீர்த்தம் கொண்டுவந்த காலி பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "நான்தான் தண்ணி ஊத்துனேன் தங்கச்சி. இதுல கொண்டாந்தது மொத்தமும் ஊத்திட்டேன்." முகத்தில் ரத்தமே இல்லை.

குழாயைப் பழைய ஆழத்துக்கு இழுத்தாய். "டார்ச்! வெளிச்சத்த மறைங்க!" என்றாய். சன்னலெல்லாம் வெயில். நானும் நர்ஸும் கம்பளியைக் கூடாரம் போலப் பிடித்தோம். அந்த இருட்டில் நெஞ்சில் டார்ச்சை வைத்தாய். ஒரு பக்கம் மட்டும் சிவப்பு விளக்கு போல மின்னியது. நுரையீரல் கிழிந்து, வெளியே கசிந்த காற்று அந்தப் பக்கத்தை அமுக்குகிறது என்றாய். என் மகளின் விலாவில் ஊசியை இறக்கினாய். ஊசியில் மாட்டிய குழாயை ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டதும் அதிலும் குமிழி. என் பிள்ளையின் உயிரே அப்படிப் போகிறது என்று நினைத்துக் கத்திவிட்டேன்.

"கத்தாதடி. வரட்டும், எல்லாம் வெளிய வரட்டும்."

பாட்டிலில் குமிழி நிற்கக் கூடாது, கிண்ணத்தில் குமிழி நிற்க வேண்டும். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் உன் முகத்தைப் பார்த்தேன். வியர்வை உன் மூக்கு நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது, துடைக்க உனக்குக் கை ஒழியவில்லை. கிண்ணம் மெல்ல அடங்கியது. பிள்ளையின் உதடு சிவந்தது. நீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய்.

இவர் உன் பக்கத்தில் வந்து குனிந்தார். "என்னாலயா தங்கச்சி?"

"தெரியாதுண்ணே. தண்ணி ஏறாமலே இப்டி ஆவுற கொயந்தைங்களும் கீது. உன்னாலன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது" என்றாய். எழுந்து போய் பாட்டிலில் ஒரு பிளாஸ்திரியைக் கோடாக ஒட்டினாய். "சாமியே வந்தாலும் இதுக்கு மேல ஊத்தக் கூடாது." அதன் பிறகு உன் வார்டில் எல்லா பாட்டிலுக்கும் அந்தக் கோடு வந்தது.

பிள்ளை பிழைத்தாள், இவர் பிழைக்கவில்லை. கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டி வந்தால் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தாண்டிப் போவார். எனக்கு உன்மேல் அப்படிக் கோபம். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? வருஷா வருஷம் திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டுப் பிள்ளைகளையெல்லாம் கூட்டி வந்து குழாயில் ஊதச் சொல்வாயே, குறைமாதத்தில் பிறந்த நுரையீரல் இந்தக் கரிக்காற்றில் எப்படி வளர்கிறது என்று பார்க்க. அப்படி ஒரு நாள் உன்னை ஓரமாக இழுத்துக் கேட்டேவிட்டேன். "அண்ணனுக்காக ஒரு பொய் சொன்னா, நாளிக்கு இன்னொரு அம்மாகிட்ட நான் சொல்ற நெசத்த யார்டி நம்புவா?" என்றாய். போடி உன் நெசமும் நீயும் என்று வந்துவிட்டேன். அடுத்த வாரம் நீயே மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாய்.

போன வருஷம் நீ படுக்கையில். உன் தலைமாட்டிலும் ஒரு ஆக்சிஜன் பாட்டில் குமிழிவிட்டுக்கொண்டிருந்தது. பேச மூச்சுப் போதவில்லை. இவர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். நீ பாட்டிலைக் கண்ணால் காட்டினாய்.

"அண்ணே, இதுல எதுனா ஊத்திடாத."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர் சிரித்தார், சிரிப்பு அழுகையாகப் போனது. "இப்பவாவது சொல்லு தங்கச்சி" என்றார்.

"இன்னும் தெரியலண்ணே. ஆனா நான் உள்ள வந்ததும், நான்தான் ஊத்துனேன்னு பாட்டில தூக்கிக் காட்டுன பாரு. நீ அத மறச்சிருந்தா, எங்க தேடுறதுன்னு பாக்கறதுக்குள்ள கொயந்த போயிருக்கும். அது எனக்கு நல்லாத் தெரியும்."

"இத ஏன்டி இத்தனை வருஷமா சொல்லல?" என்றேன் நான், கோபமாகவே.

"அண்ணன் இத கேக்கவே இல்லியே. அவரு கேட்டது வேற."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவர் தீர்த்தத் தொட்டியில் விரலை நனைத்து நெற்றியில் வைத்தார். உன்னிடம் சொல்ல ஓடி வந்தோம். நீ இல்லை.

இப்போது மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. இவர் வாசலிலிருந்து வந்து தொட்டிக் கண்ணாடியில் ஒரு பிளாஸ்திரியைக் கோடாக ஒட்டிவிட்டுப் போகிறார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இது ஏழாம் மாதம்.

"அம்மா, எனக்கும் உனக்கு மாதிரியே சீக்கிரம் பொறந்துடுமா?"

அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"தெரியலடி" என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.