காதுக்குப் போகும் வழி

16-5-83, திங்கள்

காலையிலேயே வெக்கை. ஆஸ்பத்திரிப் பயிற்சி அறை ஃபேன் சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. ஸ்டவ் பின் வாங்க வேண்டும். மண்ணெண்ணெயும்.

புதிய பிள்ளை ஒன்று. பேச்சியம்மாள் (இனி பே.), ஏழு வயது, கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம். அப்பா சுடலைமுத்து, ஆடு வைத்திருப்பவர். போன வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது ஹெட்மாஸ்டர் (இனி ஹெ.மா.) எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்பதுபோலத் தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொடச் சொல்லியிருக்கிறார். தொடவில்லை. வயது பற்றாது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

"கை எட்டும் டாக்டரம்மா. தொடுன்னா மாட்டேங்கா. இந்த வருசமும் சேக்கலன்னா ஆட்டுக்குப் பின்னாலதான் போணும்."

நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட் என்றேன். "சரி டாக்டரம்மா" என்றார்.

டாக்டர் அனுப்பிய சீட்டில் 'போலியோ?' தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் பார்த்தேன். பலம் சரி. நீளம் தாராளம். காதைத் தொடு என்றால் கை மூக்குக்குப் போகிறது, பிடரிக்குப் போகிறது, பாதியில் நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் காதில் ஒரு ஈ. கை நேரே போய் விரட்டியது. எனக்கு அத்தனை சந்தோஷம். கைக்கு ஒரு கோளாறும் இல்லை. நினைத்துச் செய்யும்போதுதான் எந்த வழியாகப் போவது என்று தெரியவில்லை. வழி போட்டுக் கொடுத்தால் போகும். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முடித்துத் தருகிறேன் என்று சொல்லியும்விட்டேன்.

19-5, வியாழன்

கையைப் பிடித்துக் கொண்டுபோனால் வருகிறாள். விட்டால் போச்சு. கண்ணாடி முன்னால் நிறுத்தியது இன்னும் மோசம்.

இதில் ஆயா செல்லம்மாக்கா வேறு. "மேல தூக்குட்டி. அங்கன இல்ல, இங்கன." கூடவே அப்பா. "ஏட்டி, கேக்குதா இல்லியா?" மூன்று பேர் வழி சொன்னால் பஸ் டிரைவருக்கே குழம்பும். இரண்டு பேரையும் வெளியே அனுப்பினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

பே. அழவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது நான் சொன்னா கேக்க மாட்டேங்கு."

மதியம் தயிர்ச்சாதம் புளிப்பு.

23-5, திங்கள்

பிடித்துவிட்டேன்.

குழாயடியில் சுடலைமுத்து முகம் கழுவிவிட்டுத் தலைப்பா கட்டினார். துண்டைச் சுற்றி, கடைசி முனையை வலது கையில் பிடித்து, உச்சிக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதோரம் சொருகினார். பே. "எனக்கு" என்று அதைப் பிடுங்கித் தன் தலையில் கட்டினாள். கோணல்மாணல்தான். ஆனால் கை உச்சியைத் தாண்டி மறு காதுக்குப் போயிற்று. துண்டு இருந்தால் வழி தெரிகிறது.

அறைக்குள் கூட்டிப்போய் அதையே திரும்பத் திரும்ப. பிடி, மேலே கொண்டுபோ, சொருகு. நாங்கள் யாரும் பேசக்கூடாது, அவளேதான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

"பொட்டப்புள்ளைக்குத் தலைப்பாவா டாக்டரம்மா?"

"பள்ளிக்கூடம் வேணுமா வேண்டாமா?"

சுடலைமுத்து துண்டை உதறி அவளிடமே கொடுத்தார்.

2-6, வியாழன்

மேல்காற்று. வாயெல்லாம் புழுதி. குற்றாலத்தில் சாரலாம், இங்கே அதன் வாசனைகூட இல்லை. செருப்பு வார் அறுந்தது.

துண்டு போய்க் கைக்குட்டை, கைக்குட்டை போய் ரிப்பன். இன்று ரிப்பனையும் வாங்கி வைத்துக்கொண்டேன். துண்டு கையில் இருக்கிறதாக நினைச்சுக்கோ என்றேன். உதடு அசைந்தது. கை போயிற்று. தொட்டாள். எத்தனை தடவை கேட்டாலும் தொட்டாள்.

வலது கை மட்டும்தான். இடதுக்கு நேரமில்லை. கேட்கவும் மாட்டார்கள், எந்த ஹெட்மாஸ்டரும் வலது கையைத்தான் கேட்பார்.

செல்லம்மாக்கா எனக்கு டீ வாங்கித் தந்தாள். சமாதானம்.

6-6, திங்கள்

பள்ளிக்கூடம் திறக்கிற நாள். லீவு போட்டுவிட்டு முதல் பஸ். நானும் போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

பள்ளிக்கூட வாசலில் சுடலைமுத்து தலைப்பாவை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஹெ.மா. முன்னால் அப்படித்தான் நிற்பாராம். பே. அப்பாவின் தலையைப் பார்க்கிறாள், அங்கே துண்டு இல்லை.

"ஏட்டி, காதத் தொடு" என்றார் ஹெ.மா.

கை மூக்கு வரை போய் நின்றது.

"போன வருசமும் இதே கததான வே?"

சுடலைமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். முறைத்தேன். "கொஞ்சம் பொறுங்க சார்" என்றேன். சார் கடிகாரத்தைப் பார்த்தார்.

உதடு அசைந்தது. கை மேலே போய், உச்சியைத் தாண்டி, காது.

ஹெ.மா. விடவில்லை. "சொல்லிக் குடுத்துல்லா கூட்டிட்டு வந்திருக்கீய. எங்க, அந்தக் கையால இந்தக் காதத் தொடு பாப்போம்."

இடது கை. ஒரு நாள்கூடப் பழக்கவில்லை. என் திமிருக்கு நன்றாக வேண்டும்.

பே. இரண்டு கைகளையும் பார்த்தாள். பிறகு வலது கையில் இல்லாத துண்டை இடது கைக்கு மாற்றினாள். "புடி" என்றாள், சத்தமாகவே. மேலே கொண்டுபோனாள். வலது காதோரம் சொருகினாள்.

இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஹெ.மா. பேனாவைத் திறந்தார். "பேரு?"

"பேச்சியம்மா." அப்பாவுக்கு முந்திக்கொண்டு அவளே.

பஸ் நிறுத்தம் வரை காதைப் பிடித்தபடியே நடந்தாள்.

"காத விடுட்டி. அதான் சேத்தாச்சுல்லா."

"நாளைக்கும் கேட்டாருன்னா?"