வலப்பக்கம் பார்த்த மரங்கொத்தி

அன்பு செலுத்தவும் வயிறெரியவும் எனக்கென்று வாய்த்த ஒரே ஆளான காதருக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் அழுதுவிடுவேன் என்று பயந்து உட்கார்ந்திருப்பதாக என் வீட்டுக்காரி சரோஜா நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதெல்லாம் ஒன்றுமில்லை. பேனாவை எடுத்தால் உன்னைத் திட்டத்தான் வருகிறது. உன்னைத் திட்டாமல் உன்னோடு பேச எனக்குத் தெரியாதே, நான் என்ன செய்யட்டும்?

இப்போது எழுதியே ஆக வேண்டிய காரணம் ஒன்று வந்துவிட்டது. நம் யூனிட்டுக்கு வெள்ளி விழாவாம், புத்தகம் போடுகிறார்கள். நாலு கூடாரத்தோடு ஆரம்பித்த கதை, விமானம் நிறுத்த முதல் ஹேங்கர் எழும்பிய கதை, சண்டைக்காலத்தில் சல்லடையாக வந்து இறங்கிய விமானங்களுக்கு ஒட்டுப்போட்டுத் திருப்பி அனுப்பிய கதை எல்லாம் அதில் வருகிறது. கடைசியில் ஒரு பக்கம், யூனிட் சின்னத்தின் வரலாறு. புது ஆபீசர் நேற்று முன்தினம் என்னைக் கூப்பிட்டார். "வேதாசலம், ஒரிஜினல் தாள்ல மூலையில உங்க கையெழுத்துதானே இருக்கு? சின்னத்தை வரைஞ்சவர் நீங்கதானே? அந்தப் பக்கத்தை நீங்களே எழுதிக் குடுத்துடுங்க" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமா சார்" என்று சொல்லிவிட்டேன். நாக்கு கொஞ்சமாவது கூச வேண்டுமே! கூசவில்லை. திங்கட்கிழமை அந்தப் பக்கத்தைக் கொடுக்க வேண்டும். இன்று சனிக்கிழமை.

இந்தக் கடிதத்தை நான் ஒளித்து வைக்கப் போவதில்லை, நாலு பேர் படிக்கப் போகிறார்கள், காதர். அவர்களுக்காகத் தெரிந்த கதையையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

விமானப்படையின் பழுதுபார்ப்பு யூனிட்டில் நான் இயந்திரப் படம் வரையும் டிராப்ட்ஸ்மேன். டிப்ளமா படித்தவன், நிரந்தர வேலை, மேஜை உண்டு, தலைக்கு மேல் மின்விசிறி உண்டு. நீ தினக்கூலிப் பெயிண்டர். விமானத்தின் வாலில் எண் எழுதுவதும், 'இங்கே மிதிக்காதே' என்று இறக்கையில் எழுதுவதும் உன் வேலை. நான் மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கம், நீ இரண்டு தெரு தள்ளி. காலையில் ஒரே பஸ்ஸில் மாம்பலம் ஸ்டேஷன், அங்கிருந்து ஒரே ரயில். எட்டு வருஷம் அந்த பஸ்ஸில் போனேன், கண்டக்டருக்கு என் பெயர் தெரியாது. நீ ஏறினால் மட்டும், "வா நைனா, இன்னா லேட்டு?" என்று அவன் சீட்டில் இடம் ஒதுக்குவான்.

எனக்கு வயிறு எரியுமா எரியாதா, நீயே சொல்.

வட்டம் போட எனக்கு காம்பஸ் வேண்டும். நீ இடது கையை ஒரு சுழற்று சுழற்றுவாய், வட்டம் விழுந்துவிடும். காம்பஸ் வைத்து அளந்து பார்த்திருக்கிறேன், உனக்குத் தெரியாமல். பிசகே இருக்காது! என் வீட்டுக்கு வந்தால் என் பையன்கள் உன் தோளில் தொங்குவார்கள். "காதரண்ணன் வந்துட்டுப் போனா வீடே கலகலன்னு இருக்கு. நீங்களும்தான் இருக்கீங்க, ஊமைச்சாமி மாதிரி" என்று சரோஜா சொல்வாள். அவள் சமைத்த வத்தக்குழம்பை நான் பதினைந்து வருஷமாகச் சாப்பிடுகிறேன். ஒருநாள் நீ சாப்பிட்டுவிட்டு, "இன்னா டேஸ்ட்டு தங்கச்சி!" என்றாய். அதையே அவள் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் கூடப் போகட்டும். சின்னத்தில் கை வைத்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அறுபதுகளின் கடைசி அது. நம் யூனிட்டுக்குச் சொந்தமாக ஒரு சின்னம் வேண்டும், தில்லிக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று பழைய ஆபீசர் அறிவித்தார். மேலே சிங்கத் தலைகள், சுற்றிலும் இலை வளையம், கீழே வாசகம் எழுத நாடா, இதெல்லாம் எல்லா யூனிட்டுக்கும் பொது. நடுவில் என்ன வரும் என்பதுதான் கேள்வி. யார் வேண்டுமானாலும் வரைந்து கொடுக்கலாம் என்றார். எனக்கோ, இது என் வேலை, வேறு எவன் வரைவான் என்ற நினைப்பு. மூன்று வாரம் உட்கார்ந்து கழுகு ஒன்று வரைந்தேன், நகத்தில் ஸ்பேனரோடு. இறகு இறகாக நிழல் கொடுத்திருந்தேன்.

ஆபீசர் அறையில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நீதான் முதலில் வாயைத் திறந்தாய். "கய்கு சோக்கா கீது நைனா. ஆனா அது எதுக்கு ஸ்பேனரப் புட்ச்சிக்கினு பறக்குது? யார் மேலயாவது உழுந்துடப் போவுது!"

அறை முழுக்கச் சிரித்தது, ஆபீசர் உள்பட. நானும் பல்லைக் காட்டினேன். அன்றைக்கு உன் கழுத்தை நெரித்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

அதன் பிறகு மடித்து வைத்திருந்த உன் தாளை எடுத்து விரித்தாய். ஒரு மரங்கொத்தி. அடையாற்றில் அந்தப் பெரிய தோட்டத்து கேட்டுக்கு பெயிண்ட் அடிக்கப் போனபோது பார்த்ததாம். அடிமரத்தில் வாலை ஊன்றி, கழுத்தைப் பின்னால் இழுத்து, அடுத்த கொத்துக்குத் தயாராக நின்றது.

"சார், நம்ம ஆளுங்க இங்க இன்னா பண்றாங்கோ? றெக்கைய வெரலால தட்டித் தட்டிப் பாக்கறாங்கோ. சத்தம் மாறுச்சுன்னா உள்ள கெட்டுப்பூட்சின்னு கண்டுபுடிக்கறாங்கோ. இந்தக் குருவியும் அத்தத்தான் சார் பண்ணுது. தட்டிப் பாத்து, உள்ள பூச்சி கீதான்னு சொல்லிடும்."

ஆபீசர் தன் மேஜையை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார். "இதான்யா நம்ம யூனிட்டு" என்றார். ஒப்புதல் மட்டும் வரட்டும், உன்னை நிரந்தர வேலைக்குச் சிபாரிசு செய்து எழுதுகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். என் கழுகைச் சுருட்டி என் கையிலேயே கொடுத்தார்.

அதோடு விட்டாரா? உன் படத்தைச் சுத்தப் பிரதியாக மையில் வரைந்து தரும் வேலையை என் தலையில் கட்டினார்.

நீ படத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாய். சொன்னது ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஒவ்வொரு எழுத்தும் ஞாபகம் இருக்கிறது. "நைனா, ரூலு பொஸ்தகம் உங்கிட்டதான் கீது. நானு படிக்காத கேசு. எதுனா தப்பா இருந்தா நீயே சரி பண்ணிடு. உன் கைல குட்தாச்சி, எனக்குக் கவலை இல்ல."

தப்பு இருந்தது, காதர். பார்த்த முதல் நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது.

சின்னங்களுக்கு ஒரு விதி உண்டு. பறவையோ மிருகமோ, பார்க்கிற நமக்கு இடப்பக்கம் முகம் திருப்பி இருக்க வேண்டும். கேடயத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டால், அதைப் பிடித்திருப்பவனுக்கு அது வலப்பக்கம். மாறி இருந்தால் எதிரிக்கு முதுகைக் காட்டுகிறது என்று அர்த்தம் எடுப்பார்கள். நீ இடதுகைக்காரன். இடது கையால் வரைகிறவர்களுக்கு முகம் தானாக வலப்பக்கம் விழும். உன் மரங்கொத்தி வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்? நான் வரைவது மறுபக்கமும் கோடு தெரிகிற டிரேசிங் தாளில். தாளைத் திருப்பிப் போட்டால் பறவையும் திரும்பிவிடும். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகாது.

நான் திருப்பவில்லை. ஐந்து நாள் உட்கார்ந்து, உன் கோடு ஒன்றைக்கூட மாற்றாமல், அப்படியே வலப்பக்கம் பார்க்க வைத்து, மூலையில் என் கையெழுத்தையும் போட்டு அனுப்பினேன். தில்லிக்காரன் உன் மூக்கை உடைத்து அனுப்பட்டும் என்றே அனுப்பினேன். எவ்வளவு கேவலமான புத்தி பார்! உன் வேலை அதில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரியாதா? தெரியும். நன்றாகத் தெரியும்.

ஐந்து மாதம் கழித்து, 'பறவை தவறான திசையில் பார்க்கிறது' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. ஆபீசர் எகிறிக் குதித்தார். நான் மூலையில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ ஒரு அடி முன்னால் வந்து, "நானு போட்டது அப்டியே போய்கீது சார். அவரு மேல தப்பு இல்ல" என்றாய். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் தாளைத் திருப்பிப் போட்டு, மறுபடி மை ஏற்றி, மறுபடி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒப்புதல் வருவதற்குள் அந்த ஆபீசர் மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்து வந்தவருக்கு உன்னையும் தெரியாது, முன்னவர் கொடுத்த வாக்கும் தெரியாது. நிரந்தர வேலைக்கு வேறொருவன் வந்தான். உன்னை நின்றுகொள்ளச் சொன்னார்கள்.

கேட்டில் உன்னை வழியனுப்ப வந்தவர்களை எண்ண முடியவில்லை. நான் போனால் இத்தனை பேர் வருவார்களா என்று அப்போதும் யோசித்தேன் பார், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சரி, கஷ்டப்படப் போகிறான், நாம் நாலு பேரிடம் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்துப் பாவத்தைத் தொலைப்போம் என்று காத்திருந்தேன். அந்தச் சந்தர்ப்பத்தையாவது கொடுத்தாயா? இரண்டே வருஷத்தில் பனகல் பார்க்கைச் சுற்றி எந்தப் புடவைக் கடையை அண்ணாந்து பார்த்தாலும் உன் எழுத்து. தேனாம்பேட்டை சிக்னலில் பஸ் நின்றால் ஜனங்கள் உன் போர்டைக் காட்டிப் பேசுகிறார்கள். பாகிஸ்தானோடு சண்டை வந்தபோது விமானங்களுக்கு அவசரமாகப் பச்சை வண்ணம் பூச ஆள் போதவில்லை என்று உன்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கடை வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாய். ஹேங்கரில் நீ நுழைந்ததும் பயல்கள் விசிலடித்தான்கள். கதவில் உன் மரங்கொத்தி இருந்தது, இடப்பக்கம் பார்த்துக்கொண்டு. நீ அதை நின்று பார்த்தாய். என் தோளைத் தட்டிவிட்டு ஏணியில் ஏறிவிட்டாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏன்டா கேட்கவில்லை? ஒரு தடவையாவது சட்டையைப் பிடித்திருக்கக் கூடாதா? மறந்துவிட்டாயா, மன்னித்துவிட்டாயா, அல்லது என் லட்சணம் அவ்வளவுதான் என்று விட்டுவிட்டாயா? கடைசியாக மஞ்சள்காமாலையில் நீ படுத்திருந்தபோது தினமும் வந்தேனே, அப்போதாவது கேட்பாய் என்றுதான் வந்தேன். நீயோ என் பையனின் பரீட்சையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

இன்று காலை உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி ஜமீலா டீ போட்டுக் கொடுத்தாள். புத்தகம் போடுகிற விஷயத்தைச் சொல்லிவிட்டு, மெதுவாக, அந்த மரங்கொத்தியைப் பற்றி அவன் ஏதாவது சொல்லியிருக்கிறானா என்று கேட்டேன்.

"சொல்லாமலா அண்ணே? வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் அதான பேச்சு" என்றாள். "'ஜமீலா, வேதாசலம் எம்மாம் பெரிய வேலக்காரன் தெரியுமா, எவன் படத்துலயும் நாலு கோடு திருத்தாம உட மாட்டான். ஏம் படத்துல ஒரு கோடு தொடல. ரூலு தெரிஞ்சும் தொடல. அவனுக்கே மனசு வரல, அம்மாம் நல்லா இருந்துகீது'ன்னுவாரு. வேலை பூட்சேன்னு நான் அழுதப்பகூட, 'போனா போவுது, அவன் தொடல இல்ல'ன்னாரு அண்ணே."

டீயைப் பாதியில் கீழே வைத்தேன். என்னவோ சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

அட பாவி! பத்து வருஷமாக நான் செய்த அயோக்கியத்தனத்தை நீ மெடலாகக் குத்திக்கொண்டு திரிந்திருக்கிறாய். அதைப் பிடுங்கவும் எனக்குக் கை வரவில்லை, விட்டுவைக்கவும் மனசு கேட்கவில்லை. மத்தியானம் முழுக்க சரோஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தடவையாக. அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு, "நீங்களே போய் ஜமீலா கிட்ட சொல்லுங்க. நானும் வரேன்" என்றாள்.

நாளைக்குப் போகிறோம். ஜமீலா என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வேன், வீட்டை விட்டு வெளியே போகச் சொன்னாலும் போவேன். அந்த வெள்ளி விழாப் பக்கத்தில், சின்னத்தை வரைந்தவர் காதர் என்றும், பிரதி எடுத்த வேதாசலம் தெரிந்தே தவறாக அனுப்பியதால் அது ஒருமுறை திரும்பி வந்தது என்றும் எழுதுவேன். எழுதி, திங்கட்கிழமை என் கையாலேயே கொடுப்பேன். இது சத்தியம்.

ஆனால் ஜமீலாவிடம் இன்னொன்றும் சொல்வேன், காதர். அந்த ஐந்து நாளும் என் மேஜையில் உன் மரங்கொத்தியைப் பார்த்துப் பார்த்து நான் வெந்தேன். சுமாரான படமாக இருந்திருந்தால் தாளைத் திருப்பிப் போட்டு, சிரித்துக்கொண்டே உனக்கு வேலை வாங்கிக் கொடுத்திருப்பேன். நீ நினைத்தது சரிதான்டா. அம்மாம் நல்லா இருந்தது.

இப்படிக்கு,
உன் பிள்ளைகளுக்குப் பெரியப்பா,
வேதாசலம்