எந்தப் பக்கம் நம்ம பக்கம்

12 நவம்பர் 2010

கெமிஸ்ட்ரி வகுப்பை மறுபடியும் கட் அடித்தேன். மாவட்டக் கபடிப் போட்டி நெருங்குகிறது. அயனம்பாக்கம் ஏரிக்கரையில் ரெய்டு பயிற்சி. ஏழு பேரும் சுற்றி வளைத்தார்கள், புகுந்து வந்து நடுக்கோட்டைத் தொட்டுவிட்டேன். யாரையும் பாராட்டாத துலுக்கானம் மாஸ்டர், "டேய் அமலு, உன்னப் புடிக்க வலதான்டா போடணும்" என்றார். அம்மாவிடம் சொன்னேன். "மொதல்ல பாஸ் பண்ற வழியப் பாரு."

23 ஜனவரி 2011

ஆவடியில் இறுதிப் போட்டி. ஜெயித்தோம். எப்படி என்று எனக்குத் தெரியாது.

எதிர் டீம்காரனின் முழங்கால் நெற்றிப்பொட்டில் இடித்தது வரை ஞாபகம் இருக்கிறது. அப்புறம் மாஸ்டரின் முகம்.

"உன் பேர் இன்னா? சொல்லு."

"அமல்ராஜ்."

"அவ்ளோதான், ஒண்ணியும் இல்ல. ஜூஸ் குடிச்சிட்டு உள்ள போ."

போனேனாம். கடைசி இரண்டு பாயிண்டும் நான்தான் எடுத்தேனாம். எங்கள் டீம் திருமுருகன் சொல்லித்தான் தெரியும். வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். பிரியாணி ஒத்துக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

4 ஜூலை 2014

விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை! அம்மா திருமுல்லைவாயிலிலிருந்து பூந்தமல்லி மாதா கோயிலுக்கு நடந்தே போனாள். பஸ்ஸில் போகலாம் என்றேன், என் பேச்சை யார் கேட்கிறார்கள்?

19 ஆகஸ்ட் 2017

புனே. டிவியில் வரும் லீக். இப்போது நான் இந்த டீமின் முதல் ரெய்டர்.

மூன்று பேர் மேலே விழுந்தார்கள், தலை தரையில் மோதியது. டீம் டாக்டர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். இரண்டு என்றேன். எனக்கு விரலே தெரியவில்லை, ஒரே மங்கல். அவர் எப்போதும் இரண்டுதான் காட்டுவார் — அதனால் சொன்னேன். உண்மையைச் சொன்னால் வெளியே உட்காரவைப்பார்கள், வேறொருத்தன் உள்ளே போவான். போனவன் எனக்கு இடம் விட்டு வெளியே வருவானா?

9 ஏப்ரல் 2019

லீக் ஏலத்தில் என் பெயரை வாசித்தார்கள். யாரும் கை தூக்கவில்லை. போன வருஷம்தான் என்னைக் கட்டிக்கொண்ட ஜெபிஷா டிவியை அணைத்தாள்.

15 மார்ச் 2022

ஆபீஸ் டீமிலிருந்தும் நின்றாகிவிட்டது. இப்போது நாற்காலி வேலை. டியூப்லைட் வெளிச்சம் கண்ணுக்குள் ஊசி மாதிரி இறங்குகிறது. பக்கத்து சீட் நாகவல்லி மேடத்திடம் ஒரு ஃபைல் கேட்டேன். "சார், காலையிலயே குடுத்துட்டேனே." மேஜைமேல்தான் இருந்தது. சிரித்து மழுப்பினேன்.

2 செப்டம்பர் 2023

எழுதவே கை வரவில்லை.

பாப்பா சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். தம்ளரைத் தூக்கி அடித்திருக்கிறேன். சுவரில்தான் பட்டது — பிள்ளைமேல் பட்டிருந்தால்? அவள் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கூப்பிட்டேன், வரவில்லை. என் பிள்ளை என்னைப் பார்த்து ஒளியுது. நான் இன்னா பண்ணுவேன்? என் கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குதே.

11 செப்டம்பர் 2023

ஜெபிஷா டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கேன் பார்த்தார். தலையில் எத்தனை முறை அடிபட்டது என்று கேட்டார். எதையென்று எண்ணுவது? மாத்திரை கொடுத்தார். "இது சரியாகுமா டாக்டர்?" என்று ஜெபிஷா கேட்டாள். "மேல மோசமாகாம பாத்துக்கலாம்மா" என்றார். அதைக்கூட உறுதியாகச் சொல்லவில்லை.

16 ஜனவரி 2025

பொங்கல் விளையாட்டு விழா. வேடிக்கை பார்க்கத்தான் போனேன். திருமுருகன் விடவில்லை. "ஒரே ஒரு ரெய்டு மச்சான். யாரும் தொட மாட்டானுங்க, நான் சொல்லிட்டேன்." மைக்கில் பெயரைச் சொன்னதும் கூட்டம் கத்தியது. எனக்கும் ஆசை வந்துவிட்டது.

கபடி, கபடி என்று பாடிக்கொண்டே உள்ளே போனேன். கால் நன்றாகத்தான் போனது. ஒருவனைத் தொட்டேன். திரும்பினேன். இரண்டு பக்கமும் கோடு. இரண்டு பக்கமும் ஆட்கள். எந்தப் பக்கம் நம்ம பக்கம்? பாட்டை விடாமல் நின்ற இடத்திலேயே நின்றேன். ஏதோ வித்தை காட்டுகிறேன் என்று விசில் அடித்தார்கள். மூச்சு தீர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

திருமுருகன் ஓடி வந்து, "இன்னாடா ஆச்சு?" என்றான்.

"ஊடு எங்க கீதுடா?" என்று கேட்டேனாம்.

அவன் அழுதான். நான் அழவில்லை.

8 ஜூன் 2025

ஜெபிஷாவுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. மாதா கோயிலில் பூசை முடிந்து மூவரும் ஸ்கூட்டியில் வந்தோம். வேலப்பன்சாவடி பெட்ரோல் பங்கில் ஒருவர் ஓடி வந்தார். "அண்ணாத்தே, கபடி அமல்ராஜ்தானே நீங்க? எந்த டீமுக்கு ஆடினீங்கோ?"

வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை.

ஜெபிஷா கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு, அவளே சொன்னாள். அவர் என் தோளில் கை போட்டு போட்டோ எடுத்துக்கொண்டார்.

பாப்பா முன்னால் நின்றாள். "ஏறிட்டீங்களா?" என்று கேட்டாள் ஜெபிஷா. ஏறி உட்கார்ந்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.