கன்னத்தின் உட்புறம்

மார்ச் 4, 1895. திங்கள்.

காலையிலேயே வெயில். கிணற்றுத் தண்ணீர் கலங்கல்; இரண்டு முறை கொதிக்க வைத்தேன். கார்பாலிக் சோப்பு தீர்ந்துவிட்டது, எழுதிப் போட வேண்டும்.

வைத்தியசாலையில் கூட்டம். மிஷன் நடத்துவது, பெண்களுக்கு மட்டும். கடைசியாக வந்தவள் முள்ளிப்பட்டுக் கன்னியம்மா, நெசவாளியின் மனைவி. மூன்று மாதமாக வாயில் புண்ணாம், மிளகாய் பட்டால் எரிகிறதாம். திறக்கச் சொன்னேன். குழந்தையின் வாய் போலச் சுத்தம்.

"புண்ணு எங்க?"

"இருக்குதுங்க."

"எங்கன்னு காட்டு."

"வெளியில, புளியமரத்தாண்ட நிக்குதுங்க."

புருஷன் முனுசாமியின் வாய். ஆண்களைப் பார்க்கமாட்டேன் என்று யாரோ சொன்னதால் தன் வாய் என்று சொல்லி வந்திருக்கிறாள். சிரித்துவிட்டேன். பிறகு அவரை உள்ளே கூப்பிட்டேன்.

இடது கன்னத்தின் உட்புறம், குன்றிமணி அளவு. கண்ணால் பார்த்தால் சாதாரணப் புண். விரலை உள்ளே விடப் போனேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எச்சிலும்மா."

"கை என்னுது. கழுவிக்கிறேன். தெறங்க."

ஓரம் கெட்டி. குழைந்த சோற்றில் வேகாத அரிசி அகப்படுமே, அப்படி. தாடைக்குக் கீழே தடவினேன். கட்டி இல்லை. இன்னும் இல்லை.

மருந்து கலக்கும் ஆரோக்கியம் கதவோரம் நின்று எல்லாம் பார்த்தார். "ஆம்பள வாயில கைய வுடறீங்க. ஊரே பேசிகினு இருக்கப் போவுது, அம்மா." பேசட்டும்.

மார்ச் 5.

என் நோட்டுப் புத்தகத்தில் முனுசாமி பதினேழாவது வாய். மற்றவர்கள் பெண்கள், மிஷனின் வெள்ளைக்காரப் பெரிய டாக்டர் வரும் நாட்களில் வந்த சில ஆண்கள். புண் எந்தக் கன்னத்திலோ, புகையிலையை அதக்குவதும் அந்தக் கன்னத்தில்தான். பதினேழிலும். பதினாறு பேர் நெசவு வீடு.

ஒன்று மட்டும் புரியவில்லை. உழவர்களும்தான் புகையிலை போடுகிறார்கள். அவர்கள் ஏன் வருவதில்லை?

மார்ச் 7, வியாழன்.

விடை கிடைத்தது. முள்ளிப்பட்டுக்கு நடந்தே போனேன். முனுசாமி தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தார். தறியில் அரக்குப் பட்டு, கல்யாணத்துக்கு. கன்னம் புடைத்திருந்தது.

"துப்ப மாட்டீங்களா?"

அவர் வாய் நிறையப் புகையிலை. கன்னியம்மாதான் பதில். "முகூர்த்தப் பொடவைங்க. எச்சித் துளி பட்டுதுன்னா தீட்டு. வாயில போட்டா பொழுது சாயற வரைக்கும் அப்பிடியே கெடக்கும். இன்னாத்துக்கு ஏறி எறங்கிகினு?"

உழவன் வரப்பில் துப்பிவிடுகிறான். இவர்கள் துப்புவதே இல்லை. அவ்வளவுதான். சென்னையில் இரண்டு வருடம் படித்தபோது வாய்ப் புற்றுக்குக் காரணம் உஷ்ணம், பரம்பரை, சொத்தைப் பல் என்று எழுதி வைத்தேன். ஒரு புத்தகத்திலும் தறிக்குழி இல்லை.

திரும்பும் வழி முழுவதும் ஓடாத குறை. ஒரு செருப்பு அறுந்தது.

மார்ச் 10, ஞாயிறு.

மிஷன் கோயிலில் எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. உபதேசியார் மனைவி கேட்கும்படியாகவே: "அந்தக் கையாலதான் பாட்டுப் புஸ்தகமும் புடிக்குது." இரண்டு கையாலும் பிடித்துப் பாடினேன்.

மாலை கன்னியம்மா வந்தாள். அறுக்க வேண்டும் என்று நான் சொன்னதிலிருந்து முனுசாமிக்குப் பயம். போன வருடம் பெரிய டாக்டர் அறுத்த கோபால் இரண்டு மாதத்தில் போய்விட்டான். கத்தி பட்டால் சாவு என்று தெருவெல்லாம் பேச்சு. கோபாலை எனக்கு நினைவிருக்கிறது. கன்னம் ஓட்டையாகி, கழுத்தில் எலுமிச்சை அளவு கட்டியோடு வந்தவன். அவனைக் கொன்றது கத்தி அல்ல, தாமதம்.

"சின்னதா இருக்கும்போதே அறுத்தா பொழைக்கிறாங்களாம்மா?"

தெரியாது என்றேன். சின்னதாக இருக்கும்போது இங்கே யாருக்கும் அறுத்ததில்லை. கழுத்துக்கு இறங்கிவிட்டால் பிழைக்கமாட்டார், அது மட்டும் தெரியும். பொய் சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை.

அவள் எழுந்து முந்தானையை உதறினாள். "சரி, இட்டாரேன். வரலன்னா தறிய நிறுத்திப்புடுவேன்."

மார்ச் 14, வியாழன்.

இன்றைக்கு உள்ளது முழுவதும் எழுத வேண்டும்.

பெரிய டாக்டர் பத்து மணிக்கு வந்தார். கரண்டியால் உதட்டை விலக்கி, ஒரு கை தூரத்திலிருந்து பார்த்தார். பல் உரசிய புண்ணாம். படிகாரத் தண்ணீரில் கொப்பளித்தால் போதுமாம். இதற்குக் கத்தி எடுத்தால் சிரிப்பார்களாம். பல்லைப் பாருங்கள், சொத்தை இல்லை என்றேன். ஆண் நோயாளியை யார் உள்ளே விட்டது என்று கேட்டார். நான்தான் என்றேன். விரலை உள்ளே விட்டு ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள் என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. ஆரோக்கியம் தரையைப் பார்த்தார்.

அப்போது முனுசாமி, பெஞ்சில் உட்கார்ந்தபடியே: "அந்தம்மா எச்சின்னு பாக்கலீங்க, தொரை. நீங்களும் கைய வுட்டுப் பாருங்க."

டாக்டருக்கு அவ்வளவு தமிழ் தெரியும். முகம் சிவந்தது. கோட்டைக் கழற்றினார், கை கழுவினார், விரலை விட்டார். வெகுநேரம் விரலை வெளியே எடுக்கவில்லை. பிறகு தாடைக்கடியில் தடவினார். பிறகு என்னிடம், தண்ணீர் கொதிக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

ஆரோக்கியம் குளோரோபாரம் சொட்டினார். கன்னத்தை நான் இழுத்துப் பிடித்தேன், பஞ்சும் நானே. அறுத்த துண்டு என் சுண்டுவிரல் நகம் அளவு. நடுவே வெட்டினால் சாம்பல் வெள்ளை, வேர் போல உள்ளே இறங்கியிருந்தது. டாக்டர் அதைச் சாராயத்தில் போட்டார். "இதுபோல் எத்தனை எழுதி வைத்திருக்கிறாய்?"

பதினேழு என்றேன்.

மார்ச் 17.

காய்ச்சல். கன்னம் வீக்கம். கஞ்சியும் இறங்கவில்லை. கன்னியம்மா என் பக்கம் திரும்பாமல் விசிறிகினே இருந்தாள். (அவள் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டது.) ஜெபம் செய்யப் பார்த்தேன். வார்த்தை வரவில்லை, கோபம்தான் வந்தது.

19.

காய்ச்சல் இறங்கியது. இரண்டு கிண்ணம் கஞ்சி. புகையிலை கேட்டாராம்! கன்னியம்மா விசிறிக் காம்பால் ஒன்று போட்டாளாம்.

மார்ச் 25, திங்கள்.

தையல் பிரித்தேன். ஓரம் மெத்தென்று இருக்கிறது. கழுத்தில் ஒன்றுமில்லை. பிழைத்தார் என்று எழுத ஆசை. ஒரு வருடம் போகட்டும், அப்போது எழுதுகிறேன்.

தபாலில் பெரிய டாக்டரின் கடிதம், இரண்டு உத்தரவு. ஒன்று, நோட்டுப் புத்தகத்தை உடனே அனுப்ப வேண்டும். சென்னை வைத்தியர் சங்கத்தில் அவர் வாசிக்கப் போகிறார். இரண்டு, இனி ஆண்களைக் கட்டடத்துக்குள் பரிசோதிக்கக் கூடாது.

பிரதி எடுத்துக்கொண்டு அசலை அனுப்புகிறேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் பெயர், அழியாத மையில். என் பெயரைக் கிழித்தால் வாய்களும் சேர்ந்து போகும்.

26.

காற்றே இல்லை. கதவைத் திறந்தால் வாசலில் முள்ளிப்பட்டு ஆண்கள் ஐந்து பேர். முன்னால் முனுசாமி, கோணல் வாயோடு சிரிப்பு. "சொன்னா கேக்கல, இட்டுகினு வந்துட்டேம்மா."

ஆரோக்கியம் கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். "பேஜாராப் போயிடும், அம்மா."

கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். கட்டடத்துக்குள் என்றுதான் இருக்கிறது. நாற்காலியைப் புளியமரத்தடியில் போடச் சொன்னேன். ஆரோக்கியம் முனகிக்கொண்டே தூக்கி வந்தார், கை கழுவச் செம்பும்.

முதல் ஆள் உட்கார்ந்தார். தெருவே நின்று பார்த்தது.

"எச்சிலும்மா."

"தெறங்க."

வலது கன்னம். கெட்டி.