வேலிக்கு வெளியே நின்று பார்த்த விமானம்

என் அருமை மச்சான் கபூருக்கு,

நீ இருக்கிற இடத்துக்கு எந்தக் கம்பெனியும் விமானம் விடவில்லை. விட்டிருந்தால் அதன் கால அட்டவணை இந்நேரம் என் பெட்டிக்குள் இருந்திருக்கும். அதனால்தான் இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். ஊர் படிக்கட்டும், பரவாயில்லை. உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், ஒன்பது வருடமாக நான் வாய்க்குள்ளேயே வைத்திருந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். உன் மனைவி மைமூன் எழுதச் சொல்லிவிட்டாள். இனி நீதான் கோபித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

நீ எங்களை விட்டுப் போய்ப் பத்து மாதம் ஆகிறது. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி போதும் என்று நீ அடம்பிடித்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெரிய படிப்புப் படித்த டாக்டரா நீ? ரெட்டிபாளையம் சிமென்ட் ஆலையில் நாம் இருவரும் மூட்டை கட்டிய பிரிவில்தான் இன்னும் இருக்கிறேன். மெஷின் புதிது, தூசி பழையதுதான். அரியலூரில் நாம் சேர்ந்து குடியிருந்த அறையையும் விடவில்லை. சுவரில் நான் ஒட்டிய விமானப் படங்களைக் கிழித்துவிட்டு வெள்ளையடிக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் வருடா வருடம் வருகிறார். நானும் வருடா வருடம் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.

திருச்சிக்கு வருகிற காற்றாடி விமானத்தை எடுத்துவிட்டு ஜெட் விடப் போகிறார்களாம். அப்படி ஒரு பேச்சு அடிபடுகிறது. எனக்குத் துளிகூடப் பிடிக்கவில்லை. காற்றாடி விமானம் தாழ்வாகப் போகும், ஜன்னலும் பெரியது. உட்கார்ந்திருப்பவனுக்குக் கொள்ளிடம் தெரியும், மணல் தெரியும், அதிர்ஷ்டம் இருந்தால் திருமழபாடிக் கோபுரம்கூடத் தெரியும். ஜெட்டில் ஏறினால் மேகம்தான். மேகத்தைப் பார்க்கவா டிக்கெட் எடுப்பது?

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "டேய் செல்வராசு, நீ ஒரு தடவகூட ஏறுனது இல்ல. ஒனக்கு என்னடா இம்புட்டுக் கோவம்?" ஆமாம், ஏறியதில்லை. நாற்பது வயதாகிறது, விமானத்தின் படிக்கட்டைக்கூடத் தொட்டதில்லை. அதற்காக எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கக் கூடாதா?

உங்கள் லப்பைக்குடிக்காட்டில் அரபு நாட்டுக்குச் சம்பாதிக்கச் சபர் போகாத வீடு எது? போய் வருகிறவர்கள் எல்லாம் எனக்கென்று எதையாவது கொண்டுவருவார்கள். முன் சீட்டின் முதுகுப் பையில் செருகி வைத்திருக்கும் படம் போட்ட அட்டை, வாந்தி எடுக்கிற காகிதப் பை, சர்க்கரைப் பொட்டலம், பெட்டியில் கட்டிய அடையாளச் சீட்டு. "இந்தாங்க, ஒங்க சொத்து" என்று சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். கிளம்புவதற்கு முன்பும் என்னிடம்தான் வருவார்கள். எந்த விமானம் ஆடாது, எந்த சீட்டு நல்லது, காது அடைத்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். இறக்கைக்கு மேலே இருக்கிற சீட்டைக் கேளுங்கள், ஆட்டம் குறைவு என்பேன். போய் இறங்கியதும், நீங்கள் சொன்னது சரிதான் என்று கடிதம் எழுதுவார்கள். அன்றைக்கெல்லாம் எனக்கு ஆலையில் மூட்டையின் கனமே தெரியாது.

விமானங்களில் எழுநூற்றேழுதான் அழகு. நாலு எஞ்சின், ஒல்லியான உடம்பு, ஒரு கிராம் அதிகப்படி சதை கிடையாது. ஜம்போ சினை எருமை மாதிரி இருக்கும், ஆனால் கிளம்பிவிட்டால் அதன் நடைக்கு ஈடு இல்லை. வாலில் மூன்றாவது எஞ்சின் வைத்த விமானத்தை எனக்கு ஆகவே ஆகாது. வாலில் போய் யாராவது எஞ்சினை வைப்பானா? இறங்கும்போது அது அலுங்காமல் இறங்குகிறது என்று நீ சொன்னாய். இருக்கட்டும், எனக்குப் பிடிக்கவில்லை.

கம்பெனிகளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு விமானம் சொன்ன நேரத்துக்குக் கிளம்பாது. ஷேக்குகளின் விமானங்கள் புத்தம் புதுசு, நேரம் தவறாது, சோறும் தாராளம். ஆனால் நான் பார்ப்பது அதையெல்லாம் அல்ல. கடைசி வரிசையில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனுசன் கையில் ஃபாரத்தை வைத்துக்கொண்டு முழிப்பானே, அவன் பக்கத்தில் குனிந்து எழுதிக் கொடுக்கிற பெண் எந்தக் கம்பெனியில் இருக்கிறாளோ அதுதான் நல்ல கம்பெனி. மற்றதெல்லாம் பெயிண்ட். இதை நான் எத்தனை பேரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்று உனக்குத் தெரியும்.

இந்தப் பைத்தியத்துக்கு உன்னையும் இழுத்துக்கொண்டு போனேன். வார லீவு வந்தால் திருச்சிக்கு பஸ் ஏறுவோம். விமான நிலையத்தின் கம்பி வேலிக்கு வெளியே வெயிலில் நிற்போம். நீ வந்தது பரோட்டாவுக்காக, எனக்குத் தெரியாதா? ஆனாலும் விமானம் கிளம்பும்போது நீயும் அண்ணாந்துவிடுவாய். சக்கரம் மடங்கி உள்ளே போவதைப் பார்த்து, "கோழி காலத் தூக்கி வச்சுக்கிற மாதிரி இருக்குடா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாய்.

அப்புறம் நீயும் சபர் கிளம்பினாய். ஒரு ஏஜெண்டை நம்பிப் பம்பாய்க்கு ரயில் ஏறினாய், அங்கிருந்து துபாய் என்றாய். இரண்டு வருடம் உன் கடிதங்கள் ஊருக்கு வருகிற யாரோ ஒருவர் கையில்தான் வந்தன. தபால்தலைக்குக் கஞ்சத்தனம் பண்ணுகிறான் என்று நான் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் புத்தியைப் பார்.

நீ திரும்பி வந்த நாளில் உன் வீட்டில் நிற்க இடமில்லை. தெரு ஜனம் முழுக்க இருந்தது. பெட்டியைத் திறந்து ஆளுக்கு ஒரு சோப்பு, ஒரு செண்டு பாட்டில், ஒரு கைலி என்று கொடுத்துக்கொண்டிருந்தாய். கதவுக்குப் பின்னால் மைமூன் நின்றிருந்தாள். குவைத்துக்கு மூன்று தடவை போய் வந்த ஹாஜியார் நடுவில் நாற்காலியில் இருந்தார். அவர்தான் கேட்டார், பயணம் எப்படி என்று.

நீ உற்சாகமாக ஆரம்பித்தாய். "ஜம்போங்க! ஓடி ஓடி, மூக்கத் தூக்குச்சு பாருங்க. பதினெட்டு சக்கரமும் மடிஞ்சு வயித்துக்குள்ள போயிருச்சு. வெயில் பட்டு அடிவயிறு பளபளன்னு மின்னுது!"

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "சக்கரம் மடியிறத நீ எங்கேருந்துடா பாத்த?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்ட பிறகுதான் உன் முகத்தைப் பார்த்தேன். கையில் ஒரு சோப்பை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாய். உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்குச் சக்கரமும் தெரியாது, அடிவயிறும் தெரியாது. அது வேலிக்கு வெளியே நின்றவனின் பேச்சு. வாழ்நாள் முழுக்க அங்கேயே நின்றவன் நான், எனக்குத் தெரியாதா? ஏஜெண்ட் ஏமாற்றிவிட்டான், நீ துபாய்க்குப் போகவே இல்லை, இரண்டு வருடமும் பம்பாயில்தான் இருந்திருக்கிறாய், தபால்தலை காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் கடிதங்களை ஆள் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறாய் என்பது எனக்கு அந்த ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ஹாஜியார் புருவத்தைச் சுருக்கி உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன சொல்வது என்று தெரியாமல் நானே உளறினேன். "ஆங், ஆமால்ல! றெக்கைக்கு அடியில கண்ணாடி மாட்டி வச்சிருப்பானே, அதுல தெரியும். மறந்தே போயிட்டேன்!"

பிறகு ஹாஜியார் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அடப் பாவி! பஸ்சுக்கு மாட்டுற கண்ணாடிய ஏரோப்ளேனுக்கு மாட்டிட்டானே! இவன்கிட்டயா இத்தன நாளா யோசன கேட்டுக்கிட்டு இருந்தோம்?" வீடே சிரித்தது. கதவுக்குப் பின்னாலும் சிரிப்புச் சத்தம் கேட்டது. சக்கரத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து உங்கள் ஊரில் என் பெயர் 'கண்ணாடி செல்வராசு'. ஒருத்தரும் என்னிடம் எந்த சீட்டு நல்லது என்று கேட்டு வருவதில்லை, சர்க்கரைப் பொட்டலமும் நின்றுபோயிற்று. கொஞ்சம் வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். அன்று என்னைப் பெரம்பலூர் பஸ் ஏற்றிவிட நீ கூட வந்தாய். டீ வாங்கிக் கொடுத்தாய். பஸ் கிளம்பும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "கண்ணாடி எந்தப் பக்கம் மச்சான் இருக்கும்?" என்றாய். "ரெண்டு பக்கமும்தான்" என்றேன். இருவருமே சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நாம் அதைப் பேசவே இல்லை. அடுத்த வருடம் நல்ல ஆள் மூலம் விசா வந்து நீ நிஜமாகவே போனாய். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே எனக்கு மூன்று பக்கக் கடிதம், வெளிநாட்டுத் தபால்தலையோடு. வரிசைக்கு எத்தனை சீட்டு, விளக்கு எங்கே, காலடியில் எவ்வளவு இடம் என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தாய். கடைசியில், "சக்கரம் மடங்குனது தெரியல மச்சான். காலுக்குக் கீழ டொம்முன்னு ஒரு சத்தம் மட்டும் கேட்டுச்சு" என்று ஒரு வரி. அந்த ஒரு வரியில் நீ என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். அறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன். பதிலில், அங்கே வெயில் எப்படி என்று மட்டும் கேட்டேன். நான் கேட்டிருக்க வேண்டுமா? யாராவது கேட்க மாட்டார்களா என்று நீ காத்திருந்தாயா?

இப்போது சேதி. உன் தம்பி ஜலீல் சபர் கிளம்பி எட்டு மாதம் ஆகிறது. பம்பாய் வழியாகத்தான். அவன் கடிதமும் ஆள் கையில்தான் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போயிருந்தேன். மைமூன் அதைக் கொண்டுவந்து நீட்டினாள். "விமானத்தப் பத்தி எழுதிருக்கான். என்ன விமானம்ணே இது?" என்றாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்த ஊரில் ஒருத்தர் என்னிடம் விமானத்தைப் பற்றிக் கேட்கிறார். ஆசையாக வாங்கிப் படித்தேன்.

"அண்ணி, விமானம் ஏறும்போது தரையே அதிருது. மேல இருக்குற தகரமெல்லாம் தடதடன்னு ஆடுது" என்று எழுதியிருந்தான்.

எந்த விமானத்தில் மச்சான் தகரக் கூரை இருக்கிறது? ஓடுபாதைக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கொட்டகையில் படுத்துக்கொண்டு எழுதியிருக்கிறான். ஏறிப் பழக்கமில்லாதவன், பாவம், பொய்கூடச் சரியாகச் சொல்ல வரவில்லை. என்ன கண்ணாடியை மாட்டி இதை மறைப்பது என்று யோசித்தேன். மறைத்தால் அவன் இன்னும் எத்தனை வருடம் அங்கே கிடப்பான்? சொல்லிவிட்டேன். "இவன் துபாய் போகலம்மா. பம்பாயிலதான் இருக்கான். வெக்கப்பட்டுக்கிட்டு வராம இருக்கான்."

மைமூன் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கினாள். "இது ஒங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?" என்றாள். நான் குனிந்துகொண்டேன். "அப்ப... அவரும்?" என்றாள். நான் நிமிரவில்லை. அதுவே பதிலாகிவிட்டது.

நீ பொய் சொன்னதற்காக அவள் அழவில்லை, கபூர். "ரெண்டு வருசம் அங்க கறியும் சோறுமாத் திங்கிறாருன்னு நெனச்சுக்கிட்டு நான் இங்க பெருநாளைக்குப் பலகாரம் சுட்டேனே! என்னத்தத் தின்னாரோ, எங்க படுத்தாரோ! எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா நான் என்ன சொல்லிருவேன்?" என்று மாரில் அடித்துக்கொண்டாள். என்னால் பார்க்க முடியவில்லை. அப்புறம் முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளே சொன்னாள். "நீங்க போங்கண்ணே. அவன் அண்ணனும் இப்படித்தான் கெடந்தாரு, அவரயும் நாங்க ஒன்னும் சொல்லலன்னு சொல்லுங்க. அதக் கேட்டாத்தான் ஜலீலு வருவான். ஊரு கேட்டாலும் கேக்கட்டும், எழுதவும் எழுதுங்க. இன்னும் யாரு யாரு வூட்டுப் புள்ளையெல்லாம் அங்க கெடக்குதோ."

கடிதம் கொண்டுவந்த ஆளைப் பிடித்து வழி விசாரித்துவிட்டேன். ஆலையில் லீவு சொல்லிவிட்டேன். நாளைக்கு அரியலூரில் ரயில் ஏறுகிறேன், சென்னை போய் அங்கிருந்து பம்பாய். நீ மறைத்ததை உன் தம்பியிடம் சொல்லப் போகிறேன். அதற்குத்தான் உன்னிடம் அனுமதி கேட்கிறேன். நீ இருந்திருந்தால், "போடா, இதக்கூடவா கேப்ப?" என்றுதான் சொல்லியிருப்பாய் என்று நம்புகிறேன். நம்பலாம் இல்லையா?

அவனைக் கூட்டிக்கொண்டு வந்து மைமூனிடம் விடுகிறேன் மச்சான், இது சத்தியம். பம்பாயில் எத்தனை ஜம்போ என் தலைக்கு மேல் போனாலும் அண்ணாந்து பார்க்க மாட்டேன். ஜலீலிடம் எந்த விமானம், என்ன சீட்டு என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். தோளில் கையைப் போட்டு, "சாப்பிட்டியாடா?" என்று கேட்பேன். உன்னிடம் அன்றைக்கு அதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

உன் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்றும் மாமன்,
உனக்கு என்றும் மச்சான்,
செல்வராசு