குண்டு டயரும் ஆங்கரேஜ் கனவானும்

தம்பி ஆர்விட்,

மூஸ் மான் குழம்பு அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. நம் குட்டி விமானத்தைக் காணோமே என்று பதறாதே. நான்தான் எடுத்துப் போகிறேன்.

நேற்று அதை விலைக்குக் கேட்டு வந்த ஆங்கரேஜ் நகரத்துக் கனவான் பிரெஸ்டன் மத்தியானம் மறுபடி வருவார். அப்பா காலத்து விமானத்தை இத்தனை வருஷம் ஓட்டியவள் நான். அவர் கேள்வியெல்லாம் உன்னிடம்! ஏறினாலே வாந்தியெடுக்கிற நீயும் மீசையைத் தடவிக்கொண்டு பதில் சொன்னாய்.

"இந்தக் குண்டு டயரு பாக்கவே அசிங்கமா இருக்கே, சின்னதா மாத்திடலாமா?" என்றார்.

"தாராளமா மாத்தலாம் சார்!" என்றாய்.

வெட்கமாக இல்லையா உனக்கு? ஆற்றுக் கூழாங்கல்லில் இறங்கும்போது உயிரைக் காப்பதே அந்த டயர்தான். சின்ன டயரோடு இறங்கினால் மூக்குக் குத்திக் கவிழ்வார். குளிர் வந்தால் என் முழங்கால் மிதிகட்டையை மிதிக்க மறுக்கிறது, அதனால் விற்கிறேன். ஆளைக் கொல்ல விற்கவில்லை.

நாம் சால்மன் மீன் பிடிக்கிற ஆற்றுக் கூழாங்கல் திட்டில் காத்திருப்பேன். அவரைப் படகில் கூட்டி வா. நான் பின்னால் உட்கார, அவர் அங்கிருந்து கிளப்பி அங்கேயே இறக்கிக் காட்டட்டும். காட்டினால் விமானம் அவருக்கு. "ஓடுபாதை எங்க?" என்று கேட்டால் அப்படியே திருப்பிக் கொண்டுபோய் விடு.

அக்கா சிக்னி

சாப்பிடாமல் அனுப்பாதே, அவருக்கும் குழம்பு ஊற்று.

அவர் பயந்து வராவிட்டாலும் நீ வா. விற்பதற்குள் ஒருமுறையாவது என்னோடு பற. வாந்திப் பை எடுத்து வைத்திருக்கிறேன்.